உறைந்த ஒயருக்கு ஐந்து ஏன்

என் மேல் மீன் நாற்றம் அடிக்கிறதா சார்? இல்லையா? மரியாதைக்காகச் சொல்லாதீர்கள். பதினைந்து நாளாகிறது. ஒரு முழுச் சோப்பு கரைந்துவிட்டது, இந்தச் சட்டையை மூன்று தடவை அலசிப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் அடிக்கிறது என்று சொல்லவில்லை. எனக்கு மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. சோறு உள்ளே போகவில்லை. சீ.

நான் மீன் வியாபாரம் செய்கிறவன் இல்லை சார். இன்ஜினியர். ஓசூரில் கேபிள் செய்கிற கம்பெனியில் டிரெய்னி. டிவி கேபிள் இல்லை. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், என் அப்பாவே ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். சைக்கிளில் பிரேக் பிடித்தால் ஒரு ஒயர் இழுக்கிறதே, மேலே கறுப்பு உறை, உள்ளே இரும்புக் கம்பி, அந்த மாதிரி ஒயர். பைக்குக்கு, டிராக்டருக்கு எல்லாம் செய்கிறோம். போன வருடத்திலிருந்து ரோபோவுக்கும்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே ரோபோதான். கனடாவில் ஒரு கம்பெனி. அங்கே வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடக்குமாம், இடுப்பு உயரத்துக்கு. அதை அள்ளி ஓரமாக வீசுகிறதுக்கு ஒரு வண்டி. ஆள் வேண்டாம், அதுவே போகும், அதுவே வரும். முன்பக்கம் பனியை இழுத்துக்கொள்ளும், மேலே ஒரு குழாய் வழியாகத் தூக்கி வீசும். எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று அந்தக் குழாயின் வாயைத் திருப்புகிறதே, அதுதான் எங்கள் ஒயர். ஒயர் வேலை செய்யாவிட்டால் வாய் திரும்பாது. வண்டி பாட்டுக்குப் போகும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமே வீசிக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஒரு ஆள் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வருகிறான். ரோபோ நேராக அவன் வாசலைப் பார்த்து நின்று, அள்ளின பனியெல்லாம் அவன் நடைக்குள்ளேயே வீசுகிறது. அவன் கத்துகிறான். அது காதில் வாங்காமல், கடமையே கண்ணாக, அரை வீட்டை மூடிவிட்டது. லைனில் எல்லோரும் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ரத்னாக்கா கேட்டார், "ஏன் தம்பி, இது பனியா, இல்ல மாவு மில்லா? கடைசி காலத்துல எம்மாமியார் சமையக்கட்டு இப்படித்தான் இருந்துச்சு."

ரத்னாக்கா என்றால் முனிரத்னா. எங்கள் லைனில் ஒயர் கோர்க்கிறவர். பதினோரு வருடமாகக் கோர்க்கிறார், பதினோரு வருடமும் காண்ட்ராக்ட்தான். அவருடைய வேலைக்கு இன்றைக்கு என்ன ஆகிறது என்பதுதான் இப்போது பிரச்சினை. பதினோரு மணிக்குத் தெரிந்துவிடும். மணி என்ன? பத்தேகாலா? சரி. சூளகிரி தாண்டிவிட்டோம் இல்லையா?

முதலில் ஒயரைச் சொல்லிவிடுகிறேன்.

கனடாக்காரர்கள் எழுதியது இதுதான். வெளியே வண்டி நிற்கும்போது ஒயர் உறைந்துபோகிறது. உள்ளே கம்பி நகர மாட்டேன் என்கிறது. மோட்டார் விடாமல் இழுத்து, சில வண்டிகளில் கம்பி அறுந்தே போய்விட்டது. வண்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி வெளியே விட்டால் மறுபடி உறைகிறது. மொத்தம் முப்பத்தெட்டு வண்டி. அந்தப் பக்கத்து இன்ஜினியர் எரிக் என்று ஒருவர். நல்ல மனுஷன். மெயிலில் என்னைக்கூட 'மிஸ்டர் மாதேஷ்' என்றுதான் எழுதுவார். கம்பெனியில் அப்படி யார் கூப்பிட்டார்கள்?

எங்கள் குவாலிட்டி மேனேஜர் நாகபூஷணம் சார் அந்த மெயிலைப் படித்தார். படித்துவிட்டு, "உள்ள வெச்சா சரியாகுதுல்ல? அப்ப உள்ளயே வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

பனி அள்ளுகிற வண்டியை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம். அப்படிப் பேசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டீ குடித்த கப்பை ஜன்னல் மேடையிலேயே வைப்பார், அதில் ஈ மொய்க்கும், அதற்குப் பக்கத்திலேயே அளக்கிற கருவி இருக்கும். அந்த இடத்தில் நான் எட்டு மாதமாக நிற்கிறேன் சார். எனக்கு அழுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஆகாது. எங்கள் அப்பா மாம்பழக்கூழ் பாக்டரியில் மூட்டை தூக்குகிறவர், வீட்டுக்கு வந்தால் அழுகின மாம்பழ வாடை. அந்த வாடையை விட்டு எழுந்து போக வேண்டும் என்றுதான் நான் படித்ததே. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிச் சேர்ந்தேன். எங்கள் வகையறாவிலேயே டிகிரி வாங்கியவன் நான் ஒருத்தன்தான். இந்த மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் பண்ணி ஆர்டர் வர வேண்டும். அதனால்தான் எதையும் கவனமாகச் செய்வேன். எழுதினால் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன்.

எரிக் விடவில்லை. மூன்று ஒயரைக் கழற்றி கூரியரில் அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தால் மூன்றும் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஓடாமல்? ஓசூர் வெயிலில் எது உறையும்? நாகபூஷணம் சார் வீடியோ கால் போட்டு, கேமராவுக்கு முன்னால் ஒயரை இழுத்து இழுத்துக் காட்டினார். "ஒர்க்கிங், ஒர்க்கிங், வெரி ஸ்மூத்." அந்தப் பக்கம் எரிக் தலையில் குல்லா, மூக்கு சிவந்திருக்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். மைனஸ் இருபத்தைந்தில் வைத்துவிட்டு இழுத்துக் காட்டுங்கள்.

எங்களிடம் அப்படி ஒரு குளிர்ப்பெட்டி கிடையாது. ஆர்டர் வாங்கும்போது இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிடையாது. கேன்டீனில் ஒரு பிரிட்ஜ் இருக்கிறது, அதில் தண்ணீர் கூட உறையாது.

சார் யோசித்தார். ராயக்கோட்டை ரோட்டில் மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு ஒன்று இருக்கிறதாம், அவருக்குத் தெரிந்தவர் நடத்துகிறாராம். "மாதேஷ், நீ போ" என்றார்.

மூன்று நாள் சார். மூன்று நாள் அந்தக் கிடங்கில். தரையெல்லாம் மீன் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. வஞ்சிரம் ஒரு பக்கம் கட்டை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள், இறால் ஒரு பக்கம் பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு மீனும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறது. நான் அதற்கு நடுவே ஒயரைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பளிக்குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜமீல் பாய் என்று கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து வந்து எட்டிப் பார்ப்பார். "என்ன தம்பி, ஒயரு வெந்துச்சா?" என்பார். அவருக்கு ஒரே வேடிக்கை. "இதுக்கா நாலு வருசம் படிச்சே? எம்பையன் படிக்க மாட்டேங்கறான்னு நேத்து அடிச்சேன். பாவம், அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அங்கே மைனஸ் பதினெட்டுதான். அதுவே போதுமாக இருந்தது. புது ஒயர் பத்து வைத்தேன், பத்தும் ஓடியது. எரிக் அனுப்பிய மூன்றும் நகரவில்லை. கல். கையுறை போட்டுக்கொண்டு இழுத்தேன், கையுறைதான் கிழிந்தது. வெளியே வெயிலில் எடுத்துவந்து பத்து நிமிடம் வைத்தால் ஓடுகிறது. உள்ளே கொண்டுபோனால் மறுபடி கல். சந்தேகமே இல்லை, உள்ளே தண்ணீர் இருக்கிறது.

ஆனால் தண்ணீர் எப்படி வந்தது? இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கிறது, உள்ளே கிரீஸ் இருக்கிறது. வெளியிலிருந்து போகிறதுக்கு வழியில்லை. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் செய்த தேதி குத்தியிருப்போம். பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே தேதி. முப்பத்தெட்டு வண்டியின் நம்பரையும் எரிக்கிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முப்பத்தெட்டுக்கும் ஒரே தேதி. ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள்.

ஒரு ஒயரை நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே கிரீஸுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. அது மட்டுமில்லை. உறையின் உள்பக்கம் சிவப்பாக ஒரு கீற்று. துரு என்று நினைத்தேன். துரு இவ்வளவு சிவப்பாக இருக்காது. ஒரு காகிதத்தில் தடவி எடுத்துக்கொண்டுபோய் ரத்னாக்காவிடம் காட்டினேன். அவர் விரலால் தொட்டார், மோந்து பார்த்தார்.

"குங்குமம் தம்பி" என்றார். "இது பூஜைக்குக் கழுவின ரேக்கு."

கனடாவில், பனிக்குள்ளே, ரோபோவுக்குள்ளே குங்குமம் சார்.

அந்தக் கழுவல் கதை இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஒளிக்கிற பழக்கம் இல்லை. எங்கள் கம்பெனியில் லீவுக்கு முந்தின நாள் மதியமே பூஜை போட்டுவிடுவார்கள். காலையில் எல்லாம் கழுவ வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்? மற்றவன் எல்லாம் தரையை நனைத்துவிட்டுக் கழுவினேன் என்பான். நான் அப்படி இல்லை. மெஷினுக்கு அடியில் ஐந்து வருட எண்ணெய்ப் பிசுக்கு, எலிப் புழுக்கை, யாரோ துப்பின பாக்கு. குமட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கழுவ வைத்தேன். கம்பி கோர்ப்பதற்கு முன்னால் வெறும் உறைகளைத் தொங்கவிடுகிற ரேக் ஒன்று, அதில் இரண்டு இன்ச் தூசி. அதையும் கழுவச் சொன்னேன்.

ரத்னாக்கா கையில் குழாய். "தம்பி, ரேக்குல உறை மாட்டியிருக்கு. தண்ணி உள்ள பூந்துரும்" என்றார்.

"காத்து அடிச்சா காஞ்சுரும்கா, அடிங்க" என்றேன்.

காற்று அடிக்கச் சொன்னேன், கவனித்தீர்களா? வெறுமனே கழுவச் சொல்லவில்லை. கழுவிவிட்டுக் காற்று அடிக்கச் சொன்னேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவர் கழுவினார். ரேக் பளபளவென்று ஆனது. அதற்குள் சார் ஓடி வந்தார், நல்ல நேரம் முடியப்போகிறது, பொட்டு வை, பொட்டு வை என்று. சந்தனம், குங்குமம் வைத்த தட்டை என் கையில் கொடுத்தார். மூன்று மாத டிரெய்னி கையில் எந்தக் கம்பெனியில் கொடுப்பார்கள்? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருக்கிறதிலேயே பெரிய மெஷின் காற்று அடிக்கிற கம்ப்ரசர். அதை நிறுத்தி, அதற்குத்தான் முதல் பொட்டு வைத்தேன். அப்புறம் வரிசையாக எல்லாவற்றுக்கும். ரேக்குக்கும் வைத்தேன், ஈரத்தில் குங்குமம் வழிந்துகொண்டே போனது.

பொட்டு வைத்த மெஷினை அப்புறம் ஓட்டக்கூடாது சார், உங்களுக்குத் தெரியும். லீவு முடிந்து திறக்கிற அன்றைக்குத்தான் சுவிட்சைத் தொட வேண்டும். அதனால் காற்று அடிக்க முடியவில்லை. அது யாருடைய தப்பும் இல்லை, அது சாமி காரியம்.

திறக்கிற அன்றைக்குக் காலையில் அடித்திருக்கலாம். நான் அன்றைக்கு ஊரிலிருந்து மதியம்தான் வந்தேன். சொல்லிவிட்டுத்தான் லேட்டாக வந்தேன். ரத்னாக்கா சூபர்வைசரிடம் கேட்டிருக்கிறார், காற்று அடிச்சுக்கட்டுமா என்று. கன்டெய்னர் லாரி வாசலில் நிற்குது, கோர்த்துருங்க என்றிருக்கிறார். கோர்த்துவிட்டார்கள். கிரீஸ் தடவின கம்பி தண்ணீர் மேலேயே போய், மூடியும் போட்டாகிவிட்டது.

இதையெல்லாம் கண்டுபிடித்தது யார்? நான். மீன் நாற்றத்தில் மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். சார் என்ன சொன்னார் தெரியுமா? "சரி, ரிப்போர்ட் எழுது. டெம்பரேச்சர் மைனஸ் இருபத்தஞ்சுன்னு போடு."

நான் சொன்னேன், "சார், அங்க பதினெட்டுதான்."

"அவன் வந்து உன் மீனுக்கு ஜுரம் பாக்கப் போறானா? இருபத்தஞ்சு போடு."

"மாட்டேன் சார்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மேலே இருக்கிறவரிடம் மாட்டேன் என்று சொல்கிறேன். நிரந்தர ஆர்டர் கண்ணுக்கு முன்னால் வந்துபோகிறது. ஆனாலும் சொன்னேன். நடக்காததை எழுத மாட்டேன். அவர் சிரித்தார். "சரி உண்மை விளம்பி, பதினெட்டே போடு. ஆனா அஞ்சு ஏன் இருக்குல்ல, அதை ஒழுங்கா முடி."

ஐந்து ஏன் என்பது ரிப்போர்ட்டில் ஒரு பகுதி சார். தப்பு நடந்தால் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். பதில் வந்தால், அது ஏன் என்று கேட்க வேண்டும். அப்படி ஐந்து தடவை. படிவத்தில் ஐந்து கட்டம் இருக்கும். நான் நிரப்பினேன். குழாயின் வாய் ஏன் திரும்பவில்லை? ஒயர் உறைந்தது. ஏன் உறைந்தது? உள்ளே தண்ணீர். தண்ணீர் ஏன் வந்தது? கோர்க்கும்போதே உறைக்குள் தண்ணீர் இருந்தது. ஏன் இருந்தது? ரேக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, காற்று அடிக்காமல் விட்டார்கள். ஏன்? அந்த இடத்தில் வேலை செய்த ஆபரேட்டர் கழுவினார், உலர்த்தாமல் கோர்த்தார், அதை அவரே ஒப்புக்கொண்டார்.

ஐந்து கட்டம் முடிந்தது.

ஒவ்வொரு வரியும் உண்மை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். கழுவியது அவர்தானே? அவர்தான். உலர்த்தாமல் கோர்த்தது? அவர்தான். ஒப்புக்கொண்டாரா? குங்குமம் என்று அவர் வாயால்தானே சொன்னார்? பதினெட்டை இருபத்தைந்து என்று எழுதியிருந்தால் அது பொய். இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் பெயரைக்கூட நான் எழுதவில்லை. ஆபரேட்டர் என்றுதான் எழுதினேன். ஆறாவது ஏன் கேட்டிருந்தால் அதற்கும் பதில் எழுதியிருப்பேன். படிவத்தில் இடம் இல்லை.

அதற்குக் கீழே 'எடுத்த நடவடிக்கை' என்று ஒரு கட்டம். அதை சார் நிரப்பினார். ஆபரேட்டர் லைனிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவுதான். அடுத்த நாள் காண்ட்ராக்டர் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடம். ஒரு மனுஷியை ஒரு கட்டத்துக்குள் போட்டு மூடினார்கள். எவ்வளவு கேவலமான இடம் பாருங்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேன்டீனில் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ரத்னாக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தம்பி, எம்பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம். உங்களுக்குத் தெரியாதது இல்ல. ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் தண்ணி பூந்துரும்னு சொன்னேனே, அதை மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன்கா" என்றேன்.

சொல்லத்தான் போனேன். சார் ரூம் வாசல்வரை போனேன். உள்ளே யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே நின்றேன். பத்து நிமிடம் நின்றேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். வந்துவிட்டேன். அப்புறம் சொன்னேன், வேறொரு நாள், அவர் டீ குடிக்கும்போது. "சார், ரத்னாக்கா பாவம் சார்" என்றேன். "ஆமா, பாவந்தான்" என்றார். அவரும் ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் என்ன செய்வது?

ஆனால் எரிக் இருக்கிறாரே, அவர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எழுதினார். ஒரு ஆளை நீக்குவது நடவடிக்கை ஆகாது, முறையில் எங்கே ஓட்டை என்று நான் பார்க்க வேண்டும், வேறு வேலையாகப் பெங்களூர் வருகிறேன், ஓசூருக்கும் வருகிறேன், அந்த ஆபரேட்டரோடு நானே பேச வேண்டும். முறையில் தப்பு என்றால் அவரைத் திரும்ப எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பதிலை ஏற்க மாட்டேன் என்று. இப்படி ஒரு மெயிலை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற யாரோ ஒருத்திக்காக!

அந்த வருகை இன்றைக்குத்தான் சார். பதினோரு மணிக்கு.

நானா? எனக்கு லீவு. சார்தான் போகச் சொன்னார். "ரெண்டு நாள் ஊருக்குப் போய் அப்பாவைப் பாத்துட்டு வா, ரொம்ப உழைச்சிருக்கே" என்று. ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு லீவு பாக்கி இருந்தது. எடுக்க வேண்டிய லீவு.

இருங்கள், போன் அடிக்கிறது. ரத்னாக்காதான்.

"அக்கா… சொல்லுங்கக்கா… பஸ்ல. ஊருக்கு… ஆமா, லீவு. முன்னாடியே சொன்ன லீவுக்கா… வந்துட்டாரா? இன்னும் இல்லையா… நீங்க எங்க, வாட்ச்மேன் ரூம்லயா? உட்காருங்க, நிக்காதீங்க… ம்… ம்… அவரு மொழிபெயர்ப்பாரு, ஆமா… சரிக்கா… புரியுது… ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. யோசிச்சுட்டு நானே கூப்புடறேன்."

கேட்டீர்களா சார்? என்ன கேட்கிறார் தெரியுமா? எரிக் கேள்வி கேட்டால் நாகபூஷணம் சார்தான் மொழிபெயர்ப்பாராம். "அவர் மொழிபெயர்த்தா அவர் சொல்றதுதான் போகும் தம்பி, நான் சொல்றது போகாது. நானே இங்கிலீஷ்ல சொல்லிட்டா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே ஒரு வரி சொல்லிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்கிறார். 'கழுவச் சொன்னாங்க, தண்ணி பூந்துரும்னு சொன்னேன், காத்து அடிக்க விடல.' இதற்கு இங்கிலீஷ். இதுதான் வேண்டுமாம்.

புத்திசாலி சார். எனக்கு இது தோன்றியிருக்காது.

இங்கிலீஷ் வராமல் இல்லை, எனக்கு வாயில் நிற்கிறது. முழுசாகச் சொன்னால் பதினைந்து வார்த்தை வரும். ஆனால் யோசியுங்கள். எட்டாவது படித்தவர். பதினைந்து வார்த்தை. பாதியில் தடுமாறினால்? சார் எதிரிலேயே சிரிப்பார். எரிக்கும் ஒன்றும் புரியாமல் சாரைப் பார்ப்பார், சார் தனக்கு வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுவார். அப்புறம், 'கழுவச் சொன்னாங்க' என்றால் எரிக் அடுத்த கேள்வி என்ன கேட்பார்? யார் என்று கேட்பார். அதற்கு அக்காவிடம் இங்கிலீஷ் இல்லை. மாட்டிக்கொள்வார். வீணாக மாட்டிக்கொள்வார்.

நீங்கள் சொல்வது புரிகிறது. திரும்பிப் போகலாம்தான். கிருஷ்ணகிரியில் இறங்கினால் எதிர்ப் பஸ் உடனே கிடைக்கும்தான். போய்ச் சேரும்போது பன்னிரண்டரை ஆகிவிடும், எல்லாம் முடிந்திருக்கும். போனில் எரிக்கிடமேவா? நானா? டிரெய்னி போய்க் கஸ்டமரிடம் நேராகப் பேசக்கூடாது சார், அது ஒழுங்கு இல்லை. விதி இருக்கிறது. நான் விதியை மீறினதே இல்லை.

சுருக்கமாக இருந்தால்தான் அவர் வாயில் நிற்கும். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. நேராக ஒப்புக்கொண்டு வருத்தம் சொன்னால் மதிப்பார்கள். எரிக் நல்ல மனுஷன், அவர் முகத்தைப் பார்த்தாலே போதும், இரக்கம் வந்துவிடும். ஆமாம். அதுதான் சரி.

கூப்பிடுகிறேன். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள். நான் ஒளித்து எதையும் செய்வதில்லை.

"அக்கா, கேக்குதா? சொல்றேன், அப்படியே திருப்பிச் சொல்லுங்க. ஐ வாஷ்ட் தி ரேக். ஐ யாம் சாரி சார்."

"ஐ வாச் ரேக்கு… சாரி சார்."

"வாஷ்ட். வாஷ்ட் தி ரேக். மெதுவா."

"ஐ வாஷ்ட் ரேக்கு. ஐ யாம் சாரி சார்."

"நடுவுல தி. பரவால்ல, நல்லா வருது. இன்னொரு தடவை."

"ஐ வாஷ்ட் தி ரேக். ஐ யாம் சாரி சார். தம்பி… இவ்வளவுதானா? சின்னதா இருக்கே. நான் சொன்னது எல்லாம் இதுல வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான் வரும்."

"தண்ணி பூந்துரும்னு சொன்னேனே, அதுவும்?"

"அதுவும்தான்."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. கார் வந்துருச்சு, கேட்டத் தெறக்கறாங்க. குல்லா போட்டவரு இறங்கறாரு… வெக்கறேன். ஐ வாஷ்ட் தி ரேக். ஐ யாம் சாரி சார். ஐ வாஷ்ட் தி ரேக்…"

வைத்துவிட்டார். சொல்லிக்கொண்டே போகிறார், பார்த்தீர்களா? மூன்றே தடவையில் ஒரு தப்பும் இல்லாமல் பிடித்துக்கொண்டார் சார். கெட்டிக்காரி.